ஒஸ்லோவிலிருந்து சூரிச்வரை ரயிலில்: கண் அறுவைக்குப் பின் ஒரு முதியவரின் பயணம்

## பின்னணி

2024 செப்டெம்பர் கடைசி வாரத்தில், ஒஸ்லோவில் வசிக்கும் 72 வயதுப் பெரியவர் ஒருவருக்கு இடது கண்ணில் விழித்திரை பிரிந்தது. இரண்டு நாளாகக் கண்ணுக்குள் கரும்புள்ளிகள் மிதப்பதாகச் சொல்லிக்கொண்டிருந்தார். மூன்றாம் நாள் மூக்குப் பக்கமிருந்து ஒரு நிழல் திரைபோல் ஏறியது. உடனே வைத்தியசாலைக்குக் கொண்டுபோனதால் பார்வை தப்பியது. கண்ணுக்குள் இருந்த கூழ் போன்ற திரவத்தை மருத்துவர் அகற்றினார். விழித்திரையை ஒட்டவைத்து, அது அசையாமல் இருக்கும்படி உள்ளே வாயுவை நிரப்பினார். இந்த வாயுக் குமிழ் சில வாரங்களில் தானாகவே கரைந்துவிடும். அதுவரை விமானம் ஏறக் கூடாது, உயரமான மலைக்குப் போகக் கூடாது, மல்லாந்து படுக்கக் கூடாது என்றார்கள்.

அக்டோபர் 26 சனிக்கிழமை சூரிச்சில் அவருடைய மகள்வழிப் பேத்திக்குத் திருமணம். ஒஸ்லோவிலிருந்து 11 பேருக்கு விமான டிக்கெட் கோடையிலேயே எடுத்தாகிவிட்டது. "என்னை விட்டுவிட்டுப் போங்கள், காணொளியில் பார்த்துக்கொள்கிறேன்" என்று பெரியவர் சொல்லிவிட்டார். பேத்தி அதை ஏற்கவில்லை. திருமணத்தைத் தள்ளிவைப்பதாகவே சொன்னாள்.

பல ஆண்டுகளாக ரயிலிலேயே ஐரோப்பாவைச் சுற்றுபவன் என்பதால், பெரியவரின் மகன் அக்டோபர் தொடக்கத்தில் என்னைத் தேடி வந்தார். அவர்களுக்கு நான் உறவினன் அல்லன். திட்டம் முழுக்க என்னுடையது. அதில் இருந்த பிழைகளும் என்னுடையவை. குடும்பத்தின் சம்மதத்துடன் இதை எழுதுகிறேன்.

## கண்ணும் உயரமும்

விமானம் ஏன் கூடாது என்று விளங்கினால்தான் எந்த ரயில் கூடும் என்பது விளங்கும். பறக்கும் விமானத்தின் உள்ளே காற்றழுத்தம், ஏறத்தாழ 1,800 முதல் 2,400 மீட்டர் உயரமான மலையில் நிற்பதற்குச் சமமாக இருக்கும். வெளியே அழுத்தம் குறைந்தால் குமிழ் விரியும். ஆனால் கண் மூடிய உருண்டை, உள்ளே விரிய இடமில்லை. கண்ணின் உள்ளழுத்தம் கடுமையாக ஏறி, விழித்திரைக்குப் போகும் இரத்தத்தையே தடுத்துவிடலாம். அப்படிப் போன பார்வை திரும்பாமலே போகக்கூடும்.

ஆகவே நான் வரைபடத்தில் தேடியது தூரத்தை அல்ல, உயரத்தை. ஒஸ்லோவிலிருந்து கொத்தன்பர்க், கொப்பன்ஹேகன், ஹம்பர்க் வரை பாதை பெரும்பாலும் கடலையொட்டிய தாழ்நிலம். அதன்பின் ஜேர்மனியின் நடுப்பகுதிக் குன்றுகளைக் கடந்தாலும் ரயில் சில நூறு மீட்டருக்கு மேல் ஏறுவதில்லை. சூரிச் நகரம் 408 மீட்டரில் இருக்கிறது. இதே பெரியவர் பேர்கன் நகரில் குடியிருந்திருந்தால் ஒஸ்லோவுக்கே ரயிலில் வந்திருக்க முடியாது. அந்தப் பாதையில் உள்ள பின்சே நிலையம் 1,222 மீட்டரில் இருக்கிறது. "ரயிலில்தானே போகிறார், பயமில்லை" என்று பலரும் சொன்னார்கள். அது பாதி உண்மைதான் என்பதைப் பிறகு சூரிச்சில் கண்டோம்.

## வழியைத் தேர்ந்தது

முதலில் என் மனதில் வந்தது கப்பல். ஒஸ்லோவிலிருந்து ஜேர்மனியின் கீல் துறைமுகத்துக்கு நாள்தோறும் ஒரு கப்பல் போகிறது. ஏறத்தாழ 20 மணி நேரப் பயணம், தனி அறை, மாறி ஏற வேண்டிய இடம் ஒன்றுகூட இல்லை. கீலிலிருந்து ஹம்பர்க் ஒன்றேகால் மணி நேர ரயில். அறுவை முடிந்த ஒருவருக்கு இதைவிட நல்ல வழி இல்லை.

பெரியவரின் மனைவி மறுத்துவிட்டார். 1990இல் மன்னாரிலிருந்து இராமேசுவரத்துக்கு இரவில் படகில் வந்தவர் அவர். அந்த இரவைப் பற்றி அவர் அதிகம் பேசுவதில்லை. "கடல்மேல் இனி இல்லை" என்று மட்டும் சொன்னார். நான் அதற்குமேல் வற்புறுத்தவில்லை.

அடுத்தது, ஹம்பர்க்கிலிருந்து சூரிச்சுக்குப் போகும் இரவு ரயில். காலை ஒஸ்லோவில் ஏறினால் மறுநாள் காலை சூரிச். மகனுக்கு இது மிகவும் பிடித்தது. நான் இரண்டு காரணங்களால் தவிர்த்தேன். பெரியவர் தூக்கத்தில் புரண்டு மல்லாந்துவிடுகிறார். வீட்டில் இரவில் இரண்டு முறை எழுந்து பார்த்து மனைவி திருப்பிப் படுக்கவைக்கிறார். ஆடும் குறுகிய படுக்கையில் அதைச் செய்ய முடியாது. இரண்டாவது, அன்றைய மூன்று ரயில்களில் ஒன்று தாமதமானாலும் இரவு ரயில் போய்விடும். அதன்பின் நள்ளிரவில் முதியவர்கள் இருவரும் நிலையத்தில் நிற்க வேண்டும்.

எனவே இரண்டு பகல் பயணம் என்று முடிவுசெய்தோம். அக்டோபர் 23 புதன்கிழமை ஒஸ்லோவிலிருந்து ஹம்பர்க், அங்கே நிலையத்துக்கு எதிரேயே ஒரு ஹோட்டலில் இரவு. 24 வியாழக்கிழமை, சுவிட்சர்லாந்தின் எல்லை நகரான பாசல் வழியாக சூரிச். வெள்ளிக்கிழமை முழுவதும் ஓய்வு. அந்த ஒரு நாள் இடைவெளியைச் சுருக்கச் சொல்லிக் கேட்டார்கள். அதில் மட்டும் நான் இறங்கிவரவில்லை. முதியவர்கள் இருவருக்கும் துணையாக 19 வயதுப் பேரன், மகனுடைய மகன், பல்கலைக்கழகத்தில் விடுப்பு எடுத்துக்கொண்டு வரச் சம்மதித்தான்.

அந்த ஆண்டு இன்னொன்றையும் கணக்கில் எடுக்க வேண்டியிருந்தது. பிராங்க்பர்ட்டுக்கும் மன்ஹைமுக்கும் இடையே உள்ள ரீட்பான் பாதையைப் புதுப்பிப்பதற்காக 2024 ஜூலை 15 முதல் டிசம்பர் 14 வரை முழுவதுமாக மூடியிருந்தார்கள். ஜேர்மனியில் மிக நெரிசலான பாதைகளில் அதுவும் ஒன்று. தெற்கே போகும் நீண்டதூர ரயில்கள் சுற்றிப் போயின, நேரமும் கூடியது. முந்தைய ஆண்டின் அட்டவணையை நினைவில் வைத்துக்கொண்டு திட்டமிட்டிருந்தால் பாசல் இணைப்பு தவறியிருக்கும். எனவே பாசலுக்கு அப்பால் குறிப்பிட்ட ரயிலோடு கட்டப்படாத டிக்கெட் எடுத்தேன். அங்கிருந்து சூரிச்சுக்கு மணிக்கு ஒன்றுக்கு மேற்பட்ட ரயில்கள் உள்ளன.

## டிக்கெட்: என் பிழை

இங்கேதான் நான் தவறினேன். ஒவ்வொரு துண்டுக்கும் மலிவான டிக்கெட்டைத் தேடி, ஒஸ்லோ–கொத்தன்பர்க், கொத்தன்பர்க்–கொப்பன்ஹேகன், கொப்பன்ஹேகன்–ஹம்பர்க், ஹம்பர்க்–பாசல் என்று நான்கு தனித்தனி டிக்கெட்டுகள் வாங்கினேன். அவற்றில் ஜேர்மனி சார்ந்த இரண்டும் குறிப்பிட்ட ரயிலில் மட்டுமே செல்லுபடியாகும் சலுகை டிக்கெட்டுகள்.

2023 ஜூன் 7 முதல் நடைமுறையில் உள்ள ஐரோப்பிய ஒன்றிய ரயில் பயணிகள் உரிமை விதி, பயணிக்கு நல்ல பாதுகாப்பைத் தருகிறது. சேருமிடத்தை அடைய 60 நிமிடமோ அதற்கு மேலோ தாமதமாகும் என்றால் பணத்தைத் திரும்பப் பெறலாம், அல்லது வேறு ரயிலில் தொடரலாம். 60 முதல் 119 நிமிடத் தாமதத்துக்குக் கட்டணத்தில் 25 சதவீதம், 120 நிமிடமோ அதற்கு மேலோ என்றால் 50 சதவீதம் இழப்பீடு. ஆனால் இதெல்லாம் ஒரே ஒப்பந்தமாக வாங்கிய பயணத்துக்கே முழுமையாகப் பொருந்தும். தனித்தனி டிக்கெட் தனித்தனி ஒப்பந்தம். முதல் ரயில் தாமதமாகி இரண்டாவது தவறினால், இரண்டாவது ரயிலை இயக்குபவருக்குச் சட்டப்படி எந்தக் கடமையும் இல்லை. இது எனக்குத் தெரியும். தெரிந்திருந்தும், கொப்பன்ஹேகனில் 48 நிமிட இடைவெளி இருக்கிறதே என்று துணிந்தேன். அந்த 48 நிமிடத்தை நான் என்னை வைத்து அளந்திருந்தேன், தோளில் ஒரு பையோடு தனியாக ஓடும் என்னை வைத்து.

## புறப்படுமுன்

பெரியவரிடம் நோர்வே கடவுச்சீட்டு இருந்தது. அவருடைய மனைவியிடம் இலங்கைக் கடவுச்சீட்டும் நோர்வேயின் நிரந்தர வதிவிட அட்டையும். ஷெங்கன் நாடுகளுக்குள், அதாவது பொதுவாக எல்லைச் சோதனை இல்லாத ஐரோப்பிய நாடுகளுக்குள், போக வதிவிட அட்டை மட்டும் போதும் என்று குடும்பத்தில் எல்லோரும் நம்பியிருந்தார்கள். அட்டை பயண ஆவணம் அல்ல. செல்லுபடியாகும் கடவுச்சீட்டும் அட்டையும் சேர்ந்தால்தான் 180 நாளில் 90 நாள்வரை மற்ற ஷெங்கன் நாடுகளில் இருக்கலாம். கடவுச்சீட்டைத் தேடியபோது அது காலாவதியாக இன்னும் பதினான்கு மாதம் இருந்தது. இருந்தது பெரும் நிம்மதி. அது காலாவதியாகியிருந்தால் இந்தப் பயணமே இல்லை.

நகை இன்னொரு கேள்வி. மாப்பிள்ளைக்கும் பேத்திக்கும் புதிய தங்க நகைகள் வாங்கியிருந்தார்கள். "ரயிலில் யார் சோதிக்கப்போகிறார்கள்" என்று பெரியவரின் பெட்டியில் வைக்க நினைத்தார்கள். நோர்வேயும் சுவிட்சர்லாந்தும் ஷெங்கனில் இருந்தாலும் ஐரோப்பிய ஒன்றியத்தின் சுங்க எல்லைக்கு வெளியே உள்ளவை. ஒஸ்லோவிலிருந்து சூரிச்சுக்குத் தரைவழியே போகிறவர் சுங்க எல்லையை இரண்டு முறை கடக்கிறார்: சுவீடனுக்குள் நுழையும்போது ஒரு முறை, பாசலில் இன்னொரு முறை. சுவிட்சர்லாந்தில் அப்போது ஒருவருக்கு 300 பிராங்க் வரை வரி இல்லை. அதைத் தாண்டினால் 8.1 சதவீத மதிப்புக்கூட்டு வரி. பரிசுப் பொருளும் இந்தக் கணக்கில் சேரும். விமானத்தில் போகிறவர்களே நகையைக் கொண்டுபோய், சூரிச் விமான நிலையத்தில் முறைப்படி அறிவித்து வரி கட்டட்டும் என்று முடிவானது. பெரியவரின் மனைவி வழக்கமாக அணியும் தாலிக்கொடியும் வளையலும் மட்டும் ரயிலில் போயின.

அக்டோபர் 21 திங்கட்கிழமை மருத்துவர் மீண்டும் பார்த்தார். குமிழ் பாதிக்கும் கீழே சுருங்கியிருந்தது. பெரியவரே அதை நன்றாக விளக்கினார்: கண்ணுக்குள் ஒரு நீர்மட்டம் தெரிகிறது, ஒவ்வொரு வாரமும் அந்தக் கோடு கீழே இறங்குகிறது, தலையைச் சாய்த்தால் அதுவும் சாய்கிறது என்றார். பாதையில் உள்ள உயரங்களை எழுதிய தாளை மருத்துவரிடம் காட்டினோம். சூரிச்சின் 408 மீட்டர்வரை போகலாம், வலி எடுத்தாலோ பார்வை திடீரென மங்கினாலோ உடனே இறங்கி வைத்தியசாலைக்குப் போக வேண்டும் என்றார். ஆங்கிலத்திலும் ஜேர்மன் மொழியிலும் ஒரு கடிதம் தந்தார். குமிழ் இருக்கும் கண்ணுக்கு நைட்ரஸ் ஆக்சைடு மயக்கமருந்து ஆபத்து என்பதால், வழியில் விபத்து ஏதும் நேர்ந்தால் அதைத் தவிர்க்க வேண்டும் என்ற குறிப்பும் அதில் இருந்தது. கையில் எச்சரிக்கைப் பட்டை ஏற்கெனவே இருந்தது.

ஒரு கண்ணால் மட்டும் பார்க்கிறவருக்குப் படியின் ஆழம் தெரிவதில்லை. எனவே கொப்பன்ஹேகனிலும் ஹம்பர்க்கிலும் நிலைய உதவி கேட்டுப் பதிவுசெய்தோம். ஐரோப்பிய விதிப்படி குறைந்தது 24 மணி நேரம் முன்பே கேட்க வேண்டும். நாங்கள் ஒரு வாரம் முன்பே கேட்டோம்.

## அக்டோபர் 23, புதன்

ஒஸ்லோவிலிருந்து கொத்தன்பர்க் வரை எந்தக் குறையும் இல்லை. கொத்தன்பர்க் பாதை முடிகிற நிலையம். நடைமேடைகள் எல்லாம் ஒரே மட்டத்தில், படிக்கட்டு இல்லை. பேரன் பெட்டிகளை இழுத்துக்கொண்டு முன்னே போக, அவர்கள் இருவரும் மெல்ல நடந்து அடுத்த ரயிலை அடைந்தார்கள். சொட்டு மருந்துக்கான நேரத்தைப் பேரன் தொலைபேசியில் மணியடிக்க வைத்திருந்தான்.

சுவீடனின் தென்மேற்குக் கரையில் அன்று காற்று பலமாக இருந்தது. மதியத்துக்குப் பின் ரயில் வயல்வெளியில் நின்றது. முன்னே மரம் ஒன்று மின்கம்பிமேல் விழுந்துவிட்டதாக அறிவித்தார்கள். 70 நிமிடம் நின்றார்கள். பேரன் எனக்குத் தகவல் அனுப்பினான். ரயிலில் இருக்கும் நடத்துநரைத் தேடிப் போய்த் தாமதத்தை எழுத்தில் வாங்கிவிடு என்று மட்டும் சொன்னேன். அன்று நான் சொன்னவற்றில் பயன்பட்டது அது ஒன்றுதான்.

மால்மோவைத் தாண்டியதும் ரயில் ஓரசுண்ட் பாலத்தில் ஏறியது. 2000இல் திறந்த பாலம், நீளம் ஏறத்தாழ எட்டு கிலோமீட்டர். அதன்பின் பெபர்ஹோல்ம் என்ற செயற்கைத் தீவு, பிறகு கடலுக்கு அடியில் சுரங்கம். இருபுறமும் சாம்பல் நிறக் கடல், காற்றில் நுரைத்துக்கொண்டிருந்தது. பேரன் சன்னல் பக்கம் காட்டி, "அப்பம்மா, பாருங்கள்" என்றிருக்கிறான். அவர் கண்ணை மூடிக்கொண்டு கணவரின் கையைப் பிடித்துக்கொண்டார். கரை வரும்வரை பேசவில்லை.

கப்பல் வேண்டாம் என்று அவர் சொன்னபோது, வேகமாக ஒப்புக்கொண்டு ரயிலுக்கு மாறிவிட்டேன். அந்த ரயில் பாதை மூன்று இடங்களில் கடலைக் கடக்கிறது என்பதை அவரிடம் சொல்ல எனக்குத் தோன்றவே இல்லை. பின்னர் சூரிச்சிலிருந்து தொலைபேசியில், "தம்பி, கப்பல் வேண்டாம் என்றேனே, கடலுக்கு மேலேயே கொண்டுபோய்விட்டீர்களே" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அதனால்தான் இன்றும் அது மனதில் நிற்கிறது.

கொப்பன்ஹேகன் மத்திய நிலையத்தை அடைந்தபோது ஹம்பர்க் ரயில் போய் 22 நிமிடம் ஆகியிருந்தது. அடுத்தது இரண்டு மணி நேரம் கழித்து. கையிலிருந்த டிக்கெட் அந்த ரயிலுக்குச் செல்லாது. பேரன் கவுண்டருக்குப் போனான். அங்கே பணியில் இருந்த பெண், நடத்துநர் எழுதிய குறிப்பையும், பெரியவரின் கண்கட்டையும், மருத்துவரின் கடிதத்தையும் பார்த்துவிட்டு, அடுத்த ரயிலில் போகலாம் என்று டிக்கெட்டில் எழுதி முத்திரையிட்டுக் கொடுத்தார். அவர் அப்படிச் செய்திராவிட்டால், மூன்று பேருக்கும் அன்றைய கடைசிநேர விலையில் புதிய டிக்கெட் வாங்கியிருக்க வேண்டும். அது அவருடைய நல்ல மனம். எங்களுக்கு இருந்த உரிமை அல்ல.

ஆனால் இருக்கை இல்லை. ரயில் நிறைந்திருந்தது. ஒரு பயணி எழுந்து பெரியவருக்கு இடம் கொடுத்தார். அவருடைய மனைவி ஓடன்ஸ்வரை வாசல் பக்கம் பெட்டிமேல் உட்கார்ந்து வந்தார். ஓடன்ஸுக்கு முன் பெரும் பெல்ட் நீரிணையைப் பாலமும் சுரங்கமுமாகக் கடக்க வேண்டும். இருட்டிவிட்டதால் இந்த முறை கடல் தெரியவில்லை. 2019 டிசம்பர்வரை கொப்பன்ஹேகன்–ஹம்பர்க் ரயில் ரோட்பி துறைமுகத்தில் கப்பலுக்குள்ளேயே ஏறி ஜேர்மனிக்குப் போகும். அந்த வழி நின்றதால் இப்போது டென்மார்க்கின் யூட்லாண்ட் தீபகற்பம் வழியாகச் சுற்றுகிறது. புதிய கடலடிச் சுரங்கம் கட்டிக்கொண்டிருக்கிறார்கள். 2019இல் இதே திட்டத்தைப் போட்டிருந்தால் அந்த அம்மாவைக் கப்பலிலேயே ஏற்றியிருப்பேன்.

எல்லை தாண்டியதும் ஜேர்மன் காவல்துறையினர் ஏறினார்கள். 2024 செப்டெம்பர் 16 முதல் ஜேர்மனி தன் எல்லா நில எல்லைகளிலும் சோதனை நடத்திவந்தது. பெரியவரின் மனைவி கடவுச்சீட்டையும் அட்டையையும் சேர்த்துக் காட்டினார். பார்த்துவிட்டு நன்றி சொல்லிப் போய்விட்டார்கள். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. அட்டை மட்டும் இருந்திருந்தால் அந்த இரவு வேறுமாதிரிப் போயிருக்கும்.

ஹம்பர்க்கை அடைந்தபோது இரவு பத்தரை தாண்டியிருந்தது. உதவிக்கு யாரும் வரவில்லை. நாங்கள் பதிவுசெய்தது முந்தைய ரயிலுக்கு. ரயில் மாறியதை யாருக்கும் தெரிவிக்கவில்லை. தெரிவிக்க வேண்டியவன் நான், ஒஸ்லோவில் மேசை முன்னால் உட்கார்ந்திருந்தேன். எனக்கு நினைவு வரவில்லை. மின்தூக்கியைத் தேடிப் பேரன் அவர்களை நடைமேடையின் ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்கு நடத்தினான். ஹோட்டல் எதிரிலேயே இருந்ததும், பின்னேரமே அங்கே அழைத்துத் தாமதமாக வருவார்கள் என்று சொல்லிவைத்ததும் காப்பாற்றின. பெரியவர் படுக்கும்போது பதினொன்றரை. இரவுச் சொட்டு மருந்து இரண்டு மணி நேரம் பிந்தியிருந்தது.

## அக்டோபர் 24, வியாழன்

சலுகை டிக்கெட்டின்படி காலை ஏழரைக்குள் ரயில். அதற்காக அவர்களை ஆறு மணிக்கு எழுப்ப வேண்டும். பேரன் இரவே கேட்டான்: "என்ன செய்வது?" அந்த டிக்கெட்டை விட்டுவிட முடிவுசெய்தேன். காலை பத்து மணிக்குப் பின் புறப்படும் ரயிலில், இருக்கைப் பதிவோடு மூன்று புதிய டிக்கெட்டுகளை வாங்கினேன். துண்டு துண்டாக வாங்கி மிச்சம் பிடித்த தொகையைப்போல் இரண்டு மடங்குக்கு மேல் அதில் போனது. ஒஸ்லோவிலிருந்து பாசல்வரை ஒரே டிக்கெட்டாக வாங்கியிருந்தால், முதல் நாள் தாமதத்தைக் காட்டி இரண்டாம் நாள் ரயிலை மாற்றக் கேட்க ஓர் அடிப்படை இருந்திருக்கும். தனித்தனியாக வாங்கியதால் அதுவும் இல்லை.

இந்த முறை நிலைய உதவிக்கு அழைத்தேன். 24 மணி நேரம் இல்லாவிட்டாலும் முயன்று பார்ப்பதாகச் சொன்னார்கள். பாசலில் ஒருவர் சக்கர நாற்காலியுடன் வந்து நின்றார். வழியில் 25 நிமிடத் தாமதம். பாசலுக்கு அப்பால் எந்த ரயிலிலும் ஏறலாம் என்பதால் அது ஒரு பொருட்டாகவே இல்லை. மாலையில் சூரிச். பேத்தி நடைமேடைக்கே வந்திருந்தாள்.

## சூரிச்சில்

வெள்ளிக்கிழமை ஓய்வு. சனிக்கிழமை திருமணத்தில் பெரியவர் மணவறையிலிருந்து தள்ளி, ஓமப் புகை வராத பக்கமாக உட்கார்ந்தார். ஆசீர்வதிக்கும் நேரத்தில் மட்டும் அருகே போனார்.

ஞாயிற்றுக்கிழமைக்கு உறவினர்கள் யுங்பிராவ்யோக் பயணம் ஒழுங்குசெய்திருந்தார்கள். ஐரோப்பாவின் மிக உயரமான ரயில் நிலையம், 3,454 மீட்டர். "ஐயாவும் வரட்டும், மேலே வரை ரயில்தானே, விமானம் இல்லையே" என்று பலரும் அழைத்தார்கள். பெரியவருக்கும் ஆசை. ஒஸ்லோவிலிருந்து ரயிலில் வந்து சேர்ந்த நம்பிக்கை வேறு.

பேரன் என்னை அழைத்தான். அவர்களுக்குப் புரியும்படி ஒரே ஒரு ஒப்பீட்டைச் சொன்னேன்: அந்த நிலையம், அவருக்குத் தடைசெய்த விமானத்தின் உள்ளழுத்தத்தைவிட இன்னும் ஆயிரம் மீட்டர் உயரத்துக்குச் சமம். அதைக் கேட்டதும் பேச்சு நின்றது. இந்த நிகழ்வில் மிகப் பெரிய ஆபத்து தவறிய இணைப்போ நள்ளிரவு ஹம்பர்க்கோ அல்ல. எல்லோரும் மகிழ்ச்சியாக இருந்த அந்த ஞாயிற்றுக்கிழமைதான் என்று நினைக்கிறேன். மலைக்கணவாய் வழியாகக் காரில் போகலாமே என்ற யோசனையும் அதே காரணத்தால் கைவிடப்பட்டது. பெரியவரும் மனைவியும் அன்று ஏரிக்கரையில் நடந்தார்கள்.

## திரும்பும் வழி

திரும்பும் பயணத்தை முழுவதும் மாற்றினேன். மூவருக்கும், பல ஐரோப்பிய நாடுகளின் ரயில்களில் செல்லும் இன்டர்ரெயில் அனுமதிச்சீட்டு வாங்கினேன்: ஒரு மாதத்துக்குள் நான்கு பயண நாள். ஐரோப்பாவில் வசிப்பவர் எவரும், குடியுரிமை எதுவானாலும், அதை வாங்கலாம். 60 வயதுக்கு மேல் 10 சதவீதத் தள்ளுபடி உண்டு, இளைஞருக்கும் தள்ளுபடி உண்டு. வசிக்கும் நாட்டுக்குள், வெளியே போக ஒரு பயணம், உள்ளே வர ஒரு பயணம் மட்டுமே செல்லும். எங்களுக்கு அது போதும். ஒரு ரயில் தவறினால் அடுத்ததில் ஏறலாம், யாரிடமும் கெஞ்ச வேண்டியதில்லை. இருக்கைகளை மட்டும் தனியாகப் பதிவுசெய்தோம்.

இரண்டு நாள் மூன்று நாளாகியது. அக்டோபர் 28 சூரிச்–ஹம்பர்க், 29 ஹம்பர்க்–கொப்பன்ஹேகன், 30 கொப்பன்ஹேகன்–ஒஸ்லோ. ஒரு நாளைக்கு ஒரு மாற்றத்துக்கு மேல் இல்லை. எந்த நாளும் இருட்டிய பிறகு புதிய ஊரில் இறங்க வேண்டியதில்லை. 27ஆம் தேதி அதிகாலை ஐரோப்பாவின் பெரும்பகுதியில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னே வைத்ததால் சொட்டு மருந்து நேரத்தையும் மாற்றி எழுதினோம்.

பாலங்களைப் பற்றி இந்த முறை அந்த அம்மாவிடம் நானே பேசினேன். எங்கே வரும், எத்தனை நிமிடம் என்று சொன்னேன். அதற்குப் பதில் கப்பலை விரும்புகிறாரா என்றும் கேட்டேன். தரையில் மட்டும் போக வழி இல்லை என்பதையும் மறைக்கவில்லை. "சொல்லிவிட்டீர்கள், போதும்" என்றார். ஓரசுண்ட் பாலத்தில் ஏறுமுன் பேரன் சொன்னதும் உள்பக்க இருக்கைக்கு மாறிக்கொண்டார். தீபாவளிக்கு முதல் நாள் மாலை ஒஸ்லோ வந்து சேர்ந்தார்கள்.

## மாற்றிச் செய்ய வேண்டியவை

சுவீடனில் நேர்ந்த தாமதத்துக்கு இழப்பீடு கேட்டு விண்ணப்பித்தோம். வானிலை காரணம் என்று மறுத்துவிட்டார்கள். கடுமையான வானிலைக்கு இழப்பீடு தரத் தேவையில்லை என்று புதிய விதியில் விலக்கு இருக்கிறது. விழுந்த ஒரு மரம் அந்த விலக்கில் வருமா என்று வாதாடியிருக்கலாம். டிக்கெட் விலை சிறியது, நான் வாதாடவில்லை. இழப்பீட்டுக்குத்தான் விலக்கே தவிர, பயணியைக் கொண்டுபோய்ச் சேர்க்கும் கடமைக்கு அல்ல என்பதை மற்றவர்கள் நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

இன்று இதே பயணத்தை வகுத்தால், தொடக்கத்திலேயே ஐந்து நாள் இன்டர்ரெயில் எடுப்பேன். போக இரண்டு, வர மூன்று. கொப்பன்ஹேகனில் இரண்டு மணி நேர இடைவெளி விடுவேன், அல்லது அங்கேயே முதல் இரவைக் கழிக்கச் சொல்வேன். நிலைய உதவிக்கான தொலைபேசி எண்களைப் பேரனின் கையில் கொடுத்து, ரயில் மாறினால் முதலில் அழைக்க வேண்டியது அங்கே என்று எழுதிவைப்பேன். சேருமிடத்துக்குப் போனபின் அங்கே என்னென்ன செய்யப்போகிறார்கள் என்ற பட்டியலையும் மருத்துவரிடம் காட்டச் சொல்வேன். நாங்கள் பாதையின் உயரங்களைக் காட்டினோம், ஞாயிற்றுக்கிழமை உல்லாசப் பயணத்தைக் காட்டவில்லை. கடலைக் கடக்கும் ஒவ்வொரு இடத்தையும் அந்த அம்மாவோடு உட்கார்ந்து வரைபடத்தில் பார்த்த பிறகே டிக்கெட் வாங்குவேன்.

ஹம்பர்க்கில் இரவு தங்கியதையும், சூரிச்சில் ஒரு நாள் விட்டதையும், இரவு ரயிலைத் தவிர்த்ததையும் மாற்றமாட்டேன்.

நவம்பர் இரண்டாம் வாரம் மருத்துவர் கண்ணைப் பரிசோதித்தார். விழித்திரை ஒட்டியபடி இருந்தது, உள்ளழுத்தம் சரியாக இருந்தது. நீர்மட்டக் கோடு இரண்டு நாளாகத் தெரியவில்லை என்று பெரியவர் சொன்னார். குமிழ் முழுவதும் கரைந்துவிட்டதை உறுதிசெய்த பிறகு, மருத்துவர் அவருடைய கைப்பட்டையை வெட்டியெடுத்தார்.